இரண்டாவது பாதை விழித்திருக்கிறதா?

ஒரு கேபிள் அறுந்தாலும் சர்வர் நிற்காமல் ஓடுவது எப்படி?

2010ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, திங்கட்கிழமை காலை. சிங்கப்பூரில் வேலைக்குக் கிளம்பியவர்கள் வழியில் பணம் எடுக்க டிபிஎஸ், பிஓஎஸ்பி ஏடிஎம் இயந்திரங்களின் முன் நின்றார்கள். பணம் வரவில்லை. இணைய வங்கிச் சேவையும் இயங்கவில்லை. நாட்டின் ஆகப் பெரிய வங்கியின் சேவைகள் ஏறத்தாழ 7 மணி நேரம் முடங்கிக் கிடந்தன.

மாணவர்களே, உங்களில் சிலர் அப்போது தொட்டிலில் இருந்திருப்பீர்கள். பலர் பிறந்தே இருக்கமாட்டீர்கள். அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கலாம்.

வங்கிக் கணினிக்குள் ஊடுருவிகள் யாரும் புகவில்லை. மின்சாரமும் போகவில்லை. நடந்ததை வங்கியின் தலைமை நிர்வாகி வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் பின்னர் விளக்கினார். வங்கியின் தரவுகளைச் சேமித்து வைக்கும் சாதனத்தில் ஒரு தொடர்புப் பாதை தடுமாறியது. அதைச் சரிசெய்ய ஒரு கேபிளை மாற்றினார்கள். மாற்றிய முறை தவறாகிவிட்டது.

ஒரு கேபிளால் ஒரு வங்கியே நின்றுவிடுமா? மாற்றுப் பாதை வைத்திருக்கமாட்டார்களா? இத்தகைய சாதனங்களில் மாற்று ஏற்பாடு கட்டாயம் உண்டு. அப்படியிருந்தும் ஏன் இப்படி நடக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட, சர்வருக்கும் சேமிப்பகத்துக்கும் நடுவே ஓடும் பாதைகளை இந்த வாரம் பார்ப்போம்.

சேமிப்பகம் ஒன்று, பாதை நான்கு

உங்கள் மடிக்கணினியில் தரவைச் சேமிக்கும் தட்டு உள்ளேயே இருக்கிறது. வங்கி, மருத்துவமனை, விமான நிறுவனம் போன்றவற்றின் பெரிய சர்வர் கணினிகள் பலவற்றில் அப்படி இல்லை. தரவு தனியாக ஒரு சேமிப்பகத்தில் இருக்கும். ஆளுயரத்துக்கு நிற்கும் அந்தச் சாதனத்துக்குள் நூற்றுக்கணக்கான தட்டுகள்கூட அடுக்கப்பட்டிருக்கலாம். பல சர்வர்கள் அதைப் பகிர்ந்துகொள்ளும்.

ஒரு கட்டளை சர்வரிலிருந்து புறப்பட்டுச் சேமிப்பகத்துக்குப் போகும் வழியைப் பின்தொடர்வோமா? முதலில், சர்வரில் செருகப்பட்டிருக்கும் இணைப்பு அட்டை. அங்கிருந்து ஓர் ஒளியிழைக் கேபிள். இதற்குள் ஒளி ஓடும் கண்ணாடிப் பகுதி பெரும்பாலும் 50 மைக்ரோமீட்டர் அகலம்தான், தலைமுடியைவிட மெல்லியது. அடுத்தது ஒரு சுவிட்ச். பிறகு இன்னொரு கேபிள். கடைசியாக, சேமிப்பகத்தின் வாசலில் காவல் இருக்கும் கட்டுப்படுத்தி.

இந்த ஐந்தில் எது பழுதானாலும் சர்வரால் தரவை எட்ட முடியாது. தரவு பத்திரமாக இருக்கும். ஆனால் போய்ச் சேர வழி இருக்காது.

அதனால் பொறியாளர்கள் எல்லாவற்றையும் இரண்டாக்குகிறார்கள். இரண்டு அட்டைகள், இரண்டு சுவிட்சுகள், இரண்டு கட்டுப்படுத்திகள். ஒவ்வோர் அட்டையும் தனக்கென ஒரு சுவிட்சுடன் இணைந்திருக்கும். ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் இரண்டு கட்டுப்படுத்திகளுக்கும் கேபிள் போகும். கணக்குப் போடுங்கள்: 2 × 2 = 4 பாதைகள். ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வர உட்லண்ட்ஸ் கடற்பாலமும் துவாஸ் இரண்டாம் இணைப்பும் இருப்பதைப் போலத்தான் இது. ஒன்று அடைபட்டால் மற்றொன்று.

ஒரு பாதை விழுந்ததும் வேலையைத் தானாகவே மற்றொரு பாதைக்கு மாற்றுவதைப் பாதை மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். இதைச் செய்வது சர்வரின் இயங்குதளத்தில் உள்ள ஒரு மென்பொருள். கேபிளைச் செருகியதும் இது தானாக அமைந்துவிடாது. ஒருவர் உட்கார்ந்து யோசித்து அமைக்க வேண்டும்.

ஒரே தட்டுக்கு நான்கு பெயர்

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய இயங்குதளம் யூனிக்ஸ். ஏஐஎக்ஸ், சோலாரிஸ் போன்றவை அதன் வழிவந்தவை. அதே பாணியில் பின்னர் எழுதப்பட்டது லினக்ஸ். உலகின் பெரும்பாலான சர்வர்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

யூனிக்ஸின் ஒரு வழக்கம், தன்னோடு இணைந்த சாதனங்களை ஒரு கோப்பைப் போலக் காட்டுவது. தட்டு ஒன்றைக் கண்டால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடும். இங்கேதான் ஒரு புதிர் பிறக்கிறது.

லினக்ஸ் சர்வர் ஒன்று கண் விழிக்கிறது. முதல் பாதையில் எட்டிப் பார்க்கிறது. ஒரு தட்டு தெரிகிறது. 'எஸ்டிபி' என்று பெயரிடுகிறது. இரண்டாவது பாதையில் பார்க்கிறது. மீண்டும் ஒரு தட்டு. அது 'எஸ்டிசி'. மூன்றாவது 'எஸ்டிடி', நான்காவது 'எஸ்டிஇ'. சர்வரின் கணக்கில் நான்கு தட்டுகள். உண்மையில் இருப்பது ஒன்றே ஒன்று!

இது சும்மா விட்டுவிடக்கூடிய குழப்பம் இல்லை. விவரம் தெரியாத ஒருவர் எஸ்டிபியை ஒரு நிரலுக்கும் எஸ்டிசியை இன்னொரு நிரலுக்கும் கொடுத்துவிட்டால், இரண்டும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி எழுதித் தரவையே பாழாக்கிவிடும்.

இதற்குத் தீர்வு, நம் சட்டைப்பையில் இருக்கும் அடையாள அட்டையைப் போன்றது. சேமிப்பகம் ஒவ்வொரு தட்டுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாள எண்ணைத் தருகிறது. பாதை மென்பொருள் நான்கு வழியாகவும் போய், 'உன் எண் என்ன?' என்று கேட்கிறது. நான்கிலும் அதே எண் பதிலாக வந்தால், நான்கு வாசலிலும் நிற்பது ஒரே ஆள்தான் என்று புரிந்துகொள்கிறது. பிறகு அந்த நான்கு பெயர்களுக்கும் மேலே 'எம்பாத்ஏ' என்பதுபோல ஒரு பொதுப் பெயரை உருவாக்குகிறது. நிரல்கள் எல்லாம் இந்தப் பொதுப் பெயரைத்தான் பயன்படுத்த வேண்டும். எந்தப் பாதையில் போவது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

விழுந்தது பாதையா, தட்டா?

இப்போது ஒரு கட்டளை போய், சரியான பதில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். என்ன நடந்திருக்கும்? மூன்று விதமாக யோசிக்கலாம்.

முதலாவது, யாரோ கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள். ஒளி நின்றுபோனதை இணைப்பு அட்டை உடனே உணர்ந்துவிடும். இது சுலபமான வழக்கு.

இரண்டாவது, கேபிள் சரியாக இருக்கிறது, ஒளியும் வருகிறது, ஆனால் நடுவில் உள்ள சுவிட்ச் உறைந்துபோய்விட்டது. இது கடினம். நண்பருக்கு அனுப்பிய குறுஞ்செய்திக்குப் பதில் வராதபோது நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அவர் தூங்குகிறாரா, வேலையாக இருக்கிறாரா, கைப்பேசி தொலைந்துவிட்டதா? காத்திருந்துதான் பார்க்க வேண்டும். ஒரு தட்டுக் கட்டளைக்காக லினக்ஸ் வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் 30 வினாடி. வங்கிக் கணினிக்கு அது ஒரு யுகம்.

மூன்றாவது, பதில் வருகிறது: 'நீங்கள் கேட்ட இடம் கெட்டுப்போயிருக்கிறது, படிக்க முடியவில்லை.' இது தட்டின் பழுது. எந்தப் பாதையில் போய்க் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும். இங்கே பாதையை மாற்றினால் நல்ல பாதைகளையும் வீணாகச் சந்தேகிக்க நேரிடும். அதனால் வரும் பிழைச் செய்தியின் குறியீட்டைப் படித்து, குற்றவாளி பாதையா தட்டா என்று மென்பொருள் முதலில் முடிவு செய்கிறது.

பாதைதான் விழுந்தது என்று தெரிந்தால், பாதி வழியில் நின்ற கட்டளைகளை வேறு பாதையில் மறுபடியும் அனுப்புகிறது. ஒரே இடத்தில் அதே தகவலை இரண்டு முறை எழுதினாலும் விளைவு ஒன்றுதான். அதனால் நிரலுக்கு எதுவும் தெரியாது. ஒரு சின்னத் தாமதம் மட்டும் இருக்கும்.

இத்துடன் இன்னொரு வேலையும் நடக்கிறது. பின்னணியில் ஒரு காவல் நிரல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது ஒவ்வொரு பாதையிலும் ஒரு சிறு கட்டளையை அனுப்பி, 'தயாரா?' என்று கேட்கும். லினக்ஸில் மாற்றி அமைக்காவிட்டால், 5 வினாடிக்கு ஒரு முறை கேட்கத் தொடங்கி, பாதை நலமாகவே இருந்தால் இடைவெளியை 20 வினாடி வரை மெல்ல நீட்டும். கவனியுங்கள்: அப்போது வேலை செய்யாமல் சும்மா இருக்கும் பாதையிடமும் அது கேட்கிறது. இதன் அருமை பிறகு புரியும்.

நீங்களே முடிவு செய்யுங்கள்

பாதை மாற்றத்தை அமைப்பவர் ஓர் அமைப்புக் கோப்பில் சில வரிகளை எழுதுவார். பார்க்கச் சில சொற்களும் எண்களும்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முடிவு. அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன எழுதுவீர்கள்?

முதல் கேள்வி: நான்கு பாதைகளும் ஒரே நேரத்தில் விழுந்தால் என்ன செய்வது? 'உடனே பிழை என்று சொல்லிவிடு' என்று எழுதலாம். ஆனால் சில வினாடிகளில் பாதை மீண்டுவிடக்கூடும். அதற்குள் பிழைச் செய்தியைக் கேட்ட தரவுத்தளம் நின்றுபோகலாம். கோப்பு அமைப்பும் பயந்துபோய், 'இனி படிக்கலாம், எழுத முடியாது' என்று தன்னைப் பூட்டிக்கொள்ளலாம். சரி, 'பாதை திரும்பும்வரை காத்திரு' என்று எழுதினால்? பாதை திரும்பவே இல்லை என்றால் நிரல்கள் எல்லாம் உறைந்து நிற்கும். சர்வரை முறையாக அணைக்கக்கூட முடியாமல் போகும். ஆகவே பலர் நடுவழியை எடுக்கிறார்கள். 5 வினாடிக்கு ஒரு சோதனை வீதம் 12 முறை பார். 60 வினாடி ஆனபின் கைவிட்டுவிடு என்பதுபோல.

இரண்டாவது கேள்வி: விழுந்த பாதை மீண்டுவிட்டால் உடனே அதற்குத் திரும்பலாமா? திரும்பலாம் என்றுதான் தோன்றும். ஆனால் செருகுமுனை தளர்ந்திருந்தால் அந்தப் பாதை வரும், போகும், வரும், போகும். ஒவ்வொரு முறையும் சர்வர் மேசைப்பந்துபோல இங்கும் அங்கும் தாவினால் வேலை நடக்காது. முழுவதும் இறந்த பாதையைவிடப் பாதி உயிரோடு இருக்கும் பாதை அதிகத் தொல்லை தரும். அதனால் சிறிது நேரம் நிலையாக இருக்கிறதா என்று பார்த்தபின் திரும்பும்படி அமைப்பார்கள். ஒருவர் நேரில் சரிபார்த்து ஆணையிட்டால்தான் திரும்ப வேண்டும் என்று அமைப்பவர்களும் உண்டு.

மூன்றாவது கேள்வி: எல்லாம் நலமாக இருக்கும்போது வேலையை எப்படிப் பங்கிடுவது? ஒரு பாதை வேலை செய்ய மற்றது சும்மா இருக்கலாம். இரண்டும் பங்கிட்டும் செய்யலாம். பங்கிடுவதே புத்திசாலித்தனம் என்று தோன்றும். இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரே அளவுள்ள இரண்டு பாதைகள் தலா 70 விழுக்காடு நிரம்பி ஓடுகின்றன. ஒன்று விழுந்துவிட்டது. மீதமுள்ள பாதை எவ்வளவு சுமக்க வேண்டும்? 70 + 70 = 140 விழுக்காடு. முடியாது! ஆகவே இரண்டு பாதைகள் உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் 50 விழுக்காட்டுக்குக் கீழேயே ஓட வேண்டும். காலியாகக் கிடக்கும் பாதி வீண் இல்லை. விபத்து நாளுக்கான சேமிப்பு அது.

நூற்றில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று

கணிதப் பாடத்தில் நிகழ்தகவு படித்திருப்பீர்கள். ஒரு பாதை பழுதாகும் வாய்ப்பு 100இல் 1 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு பாதைகளும் ஒன்றாகப் பழுதாகும் வாய்ப்பு என்ன? 1/100 × 1/100, அதாவது 10,000இல் 1. இரண்டாவது கேபிளுக்குச் செலவழித்த பணத்துக்கு நூறு மடங்கு பாதுகாப்பு கிடைத்துவிட்டது.

ஆனால் இந்தப் பெருக்கலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு நிகழ்வுகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். இரண்டு கேபிள்களும் ஒரே குழாய்க்குள் போனால், அந்தக் குழாய் நசுங்கும்போது இரண்டும் போய்விடும். இரண்டு சுவிட்சுகளும் ஒரே மின்செருகியில் இருந்தால், அது அணையும்போது இரண்டும் அணையும். அப்போது பெருக்கல் செல்லாது. வாய்ப்பு மீண்டும் 100இல் 1 பக்கம் வந்துவிடும். அதனால்தான் நல்ல தரவு நிலையங்களில் இரண்டு பாதைகளையும் வெவ்வேறு வழியில், வெவ்வேறு மின்சாரத்தில் வைக்கிறார்கள்.

எல்லாவற்றையும் பிரித்துவிட்ட பிறகும் இரண்டு பாதைகளுக்கும் பொதுவாக ஒன்று மிஞ்சுகிறது: அவற்றைத் தொடும் மனிதக் கை. ஜூலை 2010க்குத் திரும்புவோம்.

அந்த மூன்று நாள்

வங்கியின் அந்தக் கணினி யூனிக்ஸ் சர்வர் அல்ல. மெயின்ஃபிரேம் எனப்படும் பெருங்கணினி. ஆனாலும் பாடம் ஒன்றே. ஜூலை 3ஆம் தேதி, சனிக்கிழமை, கண்காணிப்பு மென்பொருள் ஓர் எச்சரிக்கை அனுப்பியது: சேமிப்பகத்தில் ஒரு தொடர்புப் பாதை நிலையாக இல்லை. பராமரிப்பு நிறுவனத்தின் பொறியாளர் வந்து கேபிளை மாற்றினார். சரியான வழிமுறைப்படி அது நடக்கவில்லை. எனினும் எச்சரிக்கை நின்றுவிட்டது. மறுநாள் அது மீண்டும் வந்தது. கேபிளைக் கழற்றிப் பார்ப்பதும் திரும்பச் செருகுவதுமாக ஞாயிறு கழிந்தது. இத்தனைக்கும் நடுவே சேமிப்பகம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. திங்கள் அதிகாலை 3 மணியையொட்டி, வாடிக்கையாளர் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்து, கேபிளை மறுபடியும் மாற்றினார்கள். அதே தவறான முறையில்தான். சில நிமிடங்களில் சேமிப்பகம் பெருங்கணினியோடு பேசுவதை முழுவதுமாக நிறுத்திவிட்டது.

ஆகஸ்டு மாதத்தில் சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கியைக் கண்டித்தது. இத்தகைய அபாயங்களுக்கு ஈடாக ஏறத்தாழ 230 மில்லியன் வெள்ளியைக் கூடுதல் மூலதனமாக வைத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

பழுதான பாதையால் வங்கி விழவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அந்தப் பாதையோடு அது இரண்டு நாள் ஓடியது. பழுதுபார்த்த முறையால்தான் விழுந்தது.

மின்தூக்கி சொல்லும் பாடம்

உங்கள் புளோக்கில் இரண்டு மின்தூக்கிகள் இருக்கின்றன. ஒன்று பழுதாகிவிட்டது. இன்னொன்று ஓடுவதால் யாரும் புகார் செய்யவில்லை. நாள்கள் போகின்றன. ஒரு மாலையில் இரண்டாவதும் நின்றுவிடுகிறது. 12ஆம் மாடியில் இருக்கும் பாட்டியால் கீழே இறங்க முடியவில்லை. 'இரண்டும் ஒரே நாளில் கெட்டுவிட்டதே!' என்று எல்லாரும் வியக்கிறார்கள். உண்மையில் ஒன்று என்றோ கெட்டுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

பாதை மாற்றத்தின் ஆபத்தும் இதுவே. அது அவ்வளவு அழகாக வேலை செய்வதால், முதல் பாதை விழுந்தது யாருக்கும் தெரியாமல் போகலாம். சர்வர் ஓடுகிறது, வாடிக்கையாளர் சிரிக்கிறார், ஆனால் அடியில் ஒரே ஒரு கேபிள்தான் மிச்சம். காவல் நிரல் சும்மா இருக்கும் பாதையையும் கேட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். அது கண்டுபிடித்ததை ஒரு மனிதரின் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். 'நான்கு இருக்க வேண்டும், மூன்றுதான் இருக்கிறது' என்று அன்றே ஒருவருக்குத் தெரிய வேண்டும்.

அனுபவம் உள்ள நிர்வாகிகள் கேபிளைத் தொடும் முன் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிப்பார்கள்.

1. எல்லாப் பாதைகளையும் பட்டியலிட்டு எண்ணுவார்கள். மாற்றுப் பாதை உண்மையிலேயே உயிரோடு இருக்கிறதா?
2. கழற்றப்போகும் பாதையை மென்பொருளில் முதலில் நிறுத்துவார்கள். அதில் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்வார்கள்.
3. கேபிளின் இரண்டு முனையிலும் உள்ள அட்டையைப் படித்து, அது சரியான கேபிள்தானா என்று பார்ப்பார்கள். அதன்பிறகே கழற்றுவார்கள்.
4. மாற்றியதும் சோதிப்பார்கள். நலமென்று தெரிந்த பிறகே பாதையை மீண்டும் சேர்ப்பார்கள்.
5. மறுபடியும் எண்ணுவார்கள். நான்கும் திரும்பி வந்துவிட்டனவா?

புதிய சர்வரைப் பயன்பாட்டுக்கு விடும் முன் இன்னொன்றும் செய்வார்கள். தரவு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்ப்பார்கள். பள்ளியில் தீப்பயிற்சி நடத்துவதைப் போல. பிடுங்கிப் பார்க்காத மாற்றுப் பாதை வெறும் நம்பிக்கைதான்.

வீட்டில் செய்து பாருங்கள்

உங்கள் கைப்பேசிக்கும் இரண்டு பாதைகள் உண்டு: வைஃபை, கைப்பேசித் தரவு. பெரியவர்களிடம் அனுமதி பெற்று, ஒரு காணொளி அழைப்பு ஓடும்போது இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முதலில் கைப்பேசியில் வைஃபையை அணையுங்கள். அழைப்பு எத்தனை வினாடியில் மீள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வைஃபையை மீண்டும் போட்டுவிட்டு, ரௌட்டரை அணைக்காமல், அதற்குள் வரும் இணையக் கேபிளை மட்டும் கழற்றுங்கள். இப்போது எத்தனை வினாடி ஆகிறது? வைஃபை அடையாளம் முழுதாகத் தெரிந்தும் இணையம் வராமல் இருக்கிறதா?

முதல் சோதனை பிடுங்கப்பட்ட கேபிள். இரண்டாவது உறைந்துபோன சுவிட்ச். இரண்டு நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எது அதிகம், ஏன் அதிகம் என்று உங்கள் நண்பருக்கு விளக்க முடிந்தால், ஒரு சர்வர் நிர்வாகியின் தலைவலி உங்களுக்கும் புரிந்துவிட்டது என்று பொருள். முடித்ததும் கேபிளை மறக்காமல் திரும்பச் செருகுங்கள். செருகியபின் சரிபார்க்கவும் மறக்காதீர்கள்!